உட்கார்ந்திருந்த பறவை

எங்கள் ஊர்க் கண்மாயில் வருஷத்தின் முதல் பறவைக்கூட்டம் வந்து இறங்கும் நாளையும், கூட்டில் முட்டை தெரியும் நாளையும் நான் குறித்து வைக்கிறேன். பதினோரு வயதில் தொடங்கிய பழக்கம். தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை, அன்று மடைக்கல்லில் தண்ணீர் எந்த வரிசைவரை நின்றது, என்ன பறவை, எந்தத் திசை மரம் என்று ஆறு கட்டங்கள். கல்யாணமாகிப் பரமக்குடிக்குப் போன பிறகும் ஐப்பசி பிறந்தால் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். பிரசவத்துக்குப் படுத்திருந்த வருஷம்கூட அய்யாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டு எழுதினேன். அப்பாவை நாங்கள் அய்யா என்போம்.

இப்போது கழுத்தில் பைனாகுலர் மாட்டிய பிள்ளைகள் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறார்கள். என் நோட்டுகளைப் பக்கம் பக்கமாக செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்துப் பக்கத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டுவதில்லை. கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்பேன். கரையான் எதையும் அரிக்கவில்லை. பக்கம் அப்படியே இருக்கிறது. மற்ற எந்தப் பக்கத்தையும்விட அதில் என் கையெழுத்து அழகாக இருக்கிறது.

போன மாதம் ஒரு பெண் வந்திருந்தாள். பறவைகள் வரவர முந்திக் கூடு வைக்கின்றனவா, பிந்தி வைக்கின்றனவா என்று பார்க்கிறாளாம். மழை பிந்திய அந்த வருஷம்தான் தனக்கு முக்கியம் என்றாள். நான் வழக்கம்போலக் கரையானைச் சொன்னேன். "பாருங்கக்கா, எந்தப் பக்கத்தை அரிக்கணும்னு கரையானுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் போய் மூன்று நாளைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அய்யாவும் காலமாகிவிட்டார். இனி யார் முகத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. பயம் போன பிறகும் வெட்கம் போகவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். வருஷத்தை மட்டும் இங்கே எழுதவில்லை. அன்று ஊர்ச் சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தனியாகச் சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊர் முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மிளகாய், அதுவும் இல்லாவிட்டால் ஆடு. கண்மாய்க்குள் நாட்டுக்கருவேல மரங்கள் நிற்கின்றன. தண்ணீர் வந்ததும் அவை இடுப்பளவு நீரில் நிற்கும். அந்த மரங்களில்தான் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கும்.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்த காலத்து ஏற்பாடு அவ்வளவு அழகானது அல்ல. கூட்டில் முட்டை இருந்தால் வெடி கிடையாது, ரேடியோ செட்டு கிடையாது, கண்மாய்க்கரையில் கொட்டுமேளம் கிடையாது. மழை பிந்தி, கூடு வைக்காத வருஷமானால் வெடித்துக்கொள்ளலாம். அதற்குக் காரணமும் கருணை அல்ல. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு வேறு உரம் தேவையில்லை. பறவை தங்கினால் மழையும் தங்கும் என்று நம்பிக்கை வேறு. பயன் பார்த்துச் செய்த காரியம்தான். ஆனாலும் செய்தார்கள்.

முட்டை இருக்கிறதா என்று யார் பார்ப்பது? கண்மாய் மடையைத் திறந்து மூடுகிற வேலை வருஷத்துக்கு ஒரு வீட்டின் முறை. கூடு பார்ப்பதும் அந்த வீட்டின் பொறுப்பு. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு அந்த வீட்டிலிருந்து தண்ணீரில் இறங்கிப் போய் மரம் மரமாகப் பார்த்துவிட்டு வந்து, அய்யனார் கோவில் முன்னால் கூடும் சபையில் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். ஊரே போய்ப் பார்த்தால் பறவை மிரண்டுவிடும் என்பதால் ஒருவர் கண்ணை ஊர் முழுவதும் நம்பும். அந்த வருஷம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் அதுவரை எங்கள் ஊரில் ஒரு ஓலைவெடிகூட வெடித்தது கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த எல்லா வருஷமும் கூடு இருந்தது. முதுகுளத்தூரில் இருந்த மாமா வீட்டுக்குப் போனால் மாமா மகன் என்னை விடமாட்டான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். மாமன் மகன் என்கிற உரிமையில் கேலி செய்ய அவனுக்கு அளவே கிடையாது.

"உங்க ஊருல தீவாளிக்குக் கொக்குக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி விடுவீகளாமே, நெசமா?" என்பான். "வெடியெல்லாம் வாயாலதானே போடுவீக? எங்க, ஒரு டமார் சொல்லு பாப்போம்."

நான் அழுதுகொண்டே ஒருமுறை "டமார்" என்று சொல்லியும் விட்டேன். அந்த வீடே சிரித்தது. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "இந்த வருஷம் மழையக் காணோம் தாயி. கொக்கு வராது. ஒரு பெட்டி வாங்கி வச்சிருக்கேன், சேதி சொல்லி விடு, கொண்டாந்து தாரேன்" என்றார். பெட்டியைத் திறந்தும் காட்டினார். சரவெடி, அணுகுண்டு, ராக்கெட், தரைச்சக்கரம். என் பேரை மூடியின் மேல் பேனாவால் எழுதி வைத்தார்.

மழை ஐப்பசி முதல் வாரம்வரை இல்லை. நான் தினமும் நோட்டில் "மழை இல்லை" என்று எழுதினேன், மகிழ்ச்சியோடு. ஊரில் எல்லோரும் வானத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தபோது மழை வராததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் நான்தான். பிறகு மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. கண்மாய் பாதி நிறைந்தது. மழை விட்டு இரண்டாம் நாள் காலையில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கின. அதையும் எழுதினேன். அந்த வருஷம் தீபாவளி ஐப்பசிக் கடைசியில்தான் வந்தது. முட்டை வைக்க அவற்றுக்கு நாள் இருந்தது. நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். போதும் போலவும் இருந்தது, போதாது போலவும் இருந்தது.

கூடு பார்க்கிற நாளுக்கு முந்தின வாரம், மடையில் அடைந்த செத்தையை வாரும்போது அய்யாவின் குதிகாலில் கருவேல முள் ஏறி ஒடிந்துவிட்டது. கால் வீங்கித் தரையில் ஊன்ற முடியவில்லை. டாக்டர் தண்ணீரில் கால் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதனால் அய்யா சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏலே, நாளைக்குக் கூடு பாக்க நீ போ. இவளையும் கூட்டிட்டுப் போ. இவ எழுதிக்கிருவா."

சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கலெக்டரம்மா வாராகன்னா சரிதான்" என்றார்.

அய்யாவுக்கு என் நோட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மழை பெய்த நாள், ஆடு குட்டி போட்ட நாள், பஸ் வராத நாள் என்று நான் எழுதி வைத்ததை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். யாருக்காவது எந்த நாள் என்று சந்தேகம் வந்தால், "இருங்க, புள்ள நோட்டப் பாத்துருவோம்" என்பார். பார்த்தபின் யாரும் மறுத்துப் பேசியது கிடையாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு நானும் சித்தப்பாவும் கண்மாய்க்கரைக்குப் போனோம். சித்தப்பாவிடம் அப்போதுதான் செல்போன் வந்திருந்தது. எங்கள் ஊரில் டவர் கிடைக்கிற ஒரே இடம் மடைமேடு. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்போது அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். திருவாடானைப் பக்கத்துப் பெண்.

"நீ போயிப் பாத்துட்டு வா புள்ள. தண்ணி இடுப்புக்குக் கீழதான் கெடக்கு. நான் இங்கன இருந்து ஒன்னயப் பாத்துக்கிறேன்" என்றார். நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். நான் பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.

சித்தப்பா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவர் கேட்கக்கூட இல்லை.

கிழக்குக்கரை மரங்களைப் பார்த்தேன். போன வருஷத்துப் பழைய கூடுகள் குச்சி குச்சியாகத் தொங்கின, முட்டை இல்லை. வடக்குக்கரை மரங்களிலும் இல்லை. மிச்சம் இருந்தது கண்மாய் நடுவில் மேடாக இருந்த திட்டைச் சுற்றிய ஏழெட்டு மரங்கள். அதை நடுத்திட்டு என்போம். அதை நோக்கி நடந்தேன். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. உடைமுள் காலில் குத்தாமல் இருக்க ஒவ்வோர் எட்டாக வைத்தேன்.

நடுத்திட்டு மரங்களில் நிறைய நாரைகள் இருந்தன. நான் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பக்கத்து மரத்துக்குப் போய் நின்றன. ஒன்று மட்டும் கிளம்பவில்லை. அது நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தது. கால் தெரியவில்லை. கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, மூக்கின் நடுவில் நத்தைகுத்திக்கு இருக்கும் அந்த இடைவெளி தெரிய, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று அப்படியே இருந்தது போல் இலைமறைவில் தெரிந்தது.

எங்கள் ஊரில் மூக்கொழுகும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது: நிற்கிற பறவை வேறு, உட்கார்ந்த பறவை வேறு. ஆள் வருவதைப் பார்த்த பிறகும் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்றால் அடியில் முட்டை இருக்கிறது.

இன்னும் இருபது எட்டு வைத்தால் கூட்டின் விளிம்பைப் பார்த்திருப்பேன். பார்த்துவிட்டால் எழுத வேண்டும், அதுதான் சிக்கல். நான் நோட்டில் பொய் எழுதுகிற பிள்ளை இல்லை. ஆகவே அந்த இருபது எட்டை வைக்காமல் திரும்பினேன். திரும்பி வருகிற வழியில் ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுவதில் என்ன தப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கரையேறி, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, தேதி, கிழமை எல்லாம் போட்டு எழுதினேன்: "கிழக்குக்கரை மரங்களும் வடக்குக்கரை மரங்களும் பார்த்தேன். கூட்டில் முட்டை இல்லை." ஒவ்வோர் எழுத்தும் உண்மை.

அய்யா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"நடுத்திட்டு?"

"பறவ இருக்குய்யா."

"நிக்கிதா, ஒக்காந்துருக்கா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வழியெல்லாம் அதற்குத்தான் பயந்தேன். அய்யா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்டுக் கேட்கிற கேள்வியாக இருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் தகவலுக்காகக் கேட்டார்.

"நிக்கிதுய்யா" என்றேன்.

"சரி, அதையும் எழுதிரு தாயி" என்றார்.

எழுதினேன். அந்தப் பக்கம்தான் அது.

சாயங்காலம் அய்யா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு சபைக்குப் போய்ச் சொன்னார். இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். மறுநாள் முதுகுளத்தூர் போன பஸ்ஸில் இடமே இல்லை. மாமாவுக்கு நான் சித்தப்பாவின் செல்போனில் சேதி சொன்னேன். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் மாமாவும் மாமா மகனும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். "என்னடி, கொக்கெல்லாம் லீவுல போயிருச்சா?" என்று கேட்டான் அவன். "ஆமா, ஒங்க ஊருக்குத்தான் வந்திருக்கு, போயிக் குளிப்பாட்டு" என்றேன். முதல் முறையாக அவனைப் பார்த்து மாமா சிரித்தார். அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தீபாவளியன்று விடிகிற நேரம். தலையில் எண்ணெய் காயவில்லை. முதல் வெடியை நான்தான் வைக்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். ஊதுபத்தியை நீட்டிப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்தேன். அந்தச் சத்தம் கண்மாய்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கியது. எத்தனையோ வருஷத்து வெடியை ஊர் ஒரே காலையில் வெடித்தது.

அப்போது கண்மாய்க்கு மேலே வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கூட்டம் எழும்பியது. அவ்வளவு பறவைகளை ஒரே நேரத்தில் நான் ஆகாயத்தில் பார்த்ததில்லை. சுற்றின. தாழ இறங்கி, அடுத்த சரவெடிக்கு மறுபடி எழும்பின. மறுபடி இறங்கப் பார்த்தன. நான் மாமா மகனின் கையைப் பிடித்து இழுத்து, "அங்கன பாரு, அங்கன பாரு" என்று காட்டினேன். கை தட்டினேன். எங்கள் ஊரிடம் அவனுக்குக் காட்ட ஒன்று இருக்கிறது என்று பெருமையாக இருந்தது. பத்து மணி வாக்கில் அவை கிழக்கே போயின. அன்று இரண்டு வேளையும் கறிச்சோறு.

மூன்றாம் நாள் ஆடு மேய்க்கப் போனவர் வந்து, நடுத்திட்டில் ஒரே காக்காய்க் கூட்டமாக இருக்கிறது என்றார். காக்காய் முட்டைக்குத்தான் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். அய்யா எழுந்து, காலில் கட்டியிருந்த துணியோடு கண்மாய்க்குள் இறங்கிவிட்டார். அம்மா கத்தினாள். சித்தப்பா பின்னால் ஓடினார். நான் கரையில் நின்றேன். நான் நின்ற இடத்திலிருந்து அய்யாவின் முதுகு மட்டும் தெரிந்தது. நான் திரும்பி வந்த இடத்தைத் தாண்டிப் போனார். மரத்தடியில் நின்று, ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். அடுத்த மரத்துக்குப் போனார். எல்லா மரத்தையும் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் எதுவும் இல்லை. எத்தனை கூடு, எத்தனை முட்டை என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் எண்ணி வைக்கிற என்னிடமும் அந்த எண்ணிக்கை இல்லை. கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அன்று சாயங்காலமே சபை கூடியது. பெண்களும் பிள்ளைகளும் கோவில் பக்கவாட்டில் நின்றோம். ஊர்ப் பெரியவர், "கூடு பாக்கப் போனது யாரு?" என்று கேட்டார். சித்தப்பா வாயைத் திறந்தார். அவரை முந்திக்கொண்டு அய்யா எழுந்துவிட்டார்.

"நாந்தான் போனேன். கால் வலியில நடுத்திட்டு வரைக்கும் போகல. பாத்தேன்னு சொன்னது என் தப்பு."

"ஒன் காலு வீங்கிக் கெடந்துச்சேப்பா. எப்பிடிப் போன?" என்று யாரோ கேட்டார்கள்.

"போனேன்" என்றார் அய்யா.

பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எங்கள் பக்கத்தில் தவறு செய்த ஆண் செய்ய வேண்டியது அது. விழுந்தவர் தானாக எழுந்திருக்கக் கூடாது. பெரியவர் "எந்திரி" என்று சொல்ல வேண்டும். பெரியவர் உடனே சொல்லவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. அப்போது என்னிடம் கடிகாரம் இல்லை. அய்யாவின் குதிகால் கட்டு ஈரமாகவும் சேறாகவும் இருந்தது, அதில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தது, அது நினைவிருக்கிறது. கடைசியில் பெரியவர் "எந்திரி" என்றார். கூடு பார்க்கிற முறை இனி எங்கள் வீட்டுக்கு வராது என்றும் சொன்னார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அழுகை வரவில்லை. தப்பித்தோம் என்று முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது கோபம். நடுத்திட்டு வரை போகாதது நான், அய்யா வீட்டைவிட்டே போகவில்லை. நாலு பேர் முன்னால் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, தேதி கிழமையெல்லாம் போட்டு, "இன்று அய்யா சபையில் பொய் சொன்னார்" என்று எழுதினேன். நோட்டை வழக்கமான இடத்தில், அய்யா எடுத்துப் படிக்கிற மாடத்தில் வைத்தேன்.

அவர் படித்திருப்பார். தினமும் படிப்பவர். மறுநாள் காய்ச்சல் வந்து, கால் மறுபடி வீங்கி, தை பிறக்கிறவரை கம்பு ஊன்றித்தான் நடந்தார்.

கார்த்திகையில் சித்தப்பா கல்யாணத்துக்குத் திருவாடானைக்குப் போனோம். போன வேன் கடற்கரை வழியாகப் போனது. திருப்பாலைக்குடி தாண்டும்போது ஓரத்துத் தண்ணீரில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நிற்பதைப் பார்த்தேன். எனக்கு உயிர் வந்தது. நம் பறவைகள்தான், இங்கே வந்துவிட்டன, இங்கே முட்டை வைத்துக்கொள்ளும் என்று முடிவு செய்து, முன் சீட்டில் இருந்த அய்யாவின் தோளைத் தட்டிக் காட்டினேன். "நம்ம கண்மாயில இருந்ததெல்லாம் இங்கன வந்துருச்சுய்யா."

அய்யா வெளியே எட்டிப் பார்த்தார். "அது எரை பொறுக்க வந்த எடம் தாயி" என்றார்.

இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. நான் வளர்ந்து, கிடைத்ததையெல்லாம் படித்து, இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்திலிருந்து நம் வட்டாரத்துக்குள்ளேயே கண்மாய் விட்டுக் கண்மாய் அலைகிற நத்தைகுத்திவரை தெரிந்துகொண்ட பிறகுதான் கணக்கு விளங்கியது. பறவை ஊரைத் தேடி வருவதில்லை. நாட்களைத் தேடி வருகிறது. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு இறகு முளைத்துப் பறக்க அதற்குமேல் இரண்டு மாதம். அதுவரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும், தண்ணீரில் நத்தை இருக்க வேண்டும். பாதியே நிறைந்த எங்கள் கண்மாயில் தைக்குமேல் தண்ணீர் நிற்காது. மழை பிந்திய வருஷத்தில் ஐப்பசிக் கடைசியில் வைத்த முட்டைக்கு அந்த நாட்கள் மட்டாகத்தான் இருந்திருக்கும். அதைக் கலைத்துவிட்டு இன்னோர் இடத்தில் போய் வைத்துக்கொள் என்றால், இடம் இருக்கலாம், மரம் இருக்கலாம், நாள் இருக்காது. தேதிக்குமேல் தேதி எழுதிக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் தேதிகள் எதற்கு என்று தெரிந்திருக்கவில்லை. வேனில் நான் தோளைத் தட்டிக் காட்டியவை எங்கள் பறவைகளாகவே இருந்தாலும், அந்த வருஷம் அவற்றுக்குக் குஞ்சு கிடையாது.

அடுத்த வருஷம் மழை முந்தியது. புரட்டாசிக் கடைசியிலேயே பறவைகள் வந்தன. முன்னைப் போல இல்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஊர் கூடி, கூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி வெடி வேண்டாம் என்று பேசிவிட்டது. பத்திரிகையில் வருகிற பெருமை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனாலும் கூடு பார்க்கிற வழக்கத்தை விடவில்லை. முறை எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கு வந்தது. கூடு பார்க்கிற நாள் காலையில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எனக்குக் கண்ணு மங்கலாக் கெடக்கு. முறை ஒனக்கு இல்லைன்னாலும் கூட வாரதுல ஒண்ணுமில்ல. வா, போயிட்டு வருவோம்."

அய்யா வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு, "நான் எதுக்குண்ணே? இவளக் கூட்டிட்டுப் போங்க. இனிமே இவ நல்லாப் பாப்பா" என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு அய்யாவைப் பார்த்தார். பிறகு சட்டென்று குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அய்யா, அதுவும் பெரியப்பாவுக்கு முன்னால், என் கண்ணை மெச்சிவிட்டார். அவர் சொன்ன அந்த 'இனிமே' என் காதில் ஏறவில்லை. பாவாடையைச் சொருகிக்கொண்டு பெரியப்பாவுக்கு முன்னாலேயே கரையேறி ஓடினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன், முதுகுளத்தூர் போனபோது மாமா மகனிடமும் சொன்னேன்: எங்கள் வீட்டில் நல்ல கண் எனக்குத்தானாம், அய்யாவே சொல்லிவிட்டார்.